மூன்று தடவை அளக்கவும்

முத்தையன்கட்டு, இடதுகரை.
படிவம் நாற்பத்தொன்று.
பதினேழாம் கேள்விக்கு ஏணிப் படம் ஒன்று உண்டு.
பத்துப் படி. நனையாதிருக்க
பிளாஸ்ரிக் உறை போட்டு வைத்திருக்கிறேன்.

"ஊரில மதிப்புக் கூடின ஆக்கள் மேல்படி.
ஒண்டுமில்லாத ஆக்கள் கீழ்ப்படி.
நீங்கள் எந்தப் படி அண்ணை?"

அழகரத்தினம் படத்தைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் வெறும் வெள்ளை.
"எந்த வருசத்தில, பிள்ளை?
ரெண்டாயிரத்தி மூண்டில எனக்கு உழவு மெசின் நிண்டது.
ஒன்பதாம் ஆண்டு மாத்தளனில
விதானையும் நானும் ஒரே பங்கர்."

"இப்ப" என்றேன்.
படிவத்தில் இப்ப மட்டும்தான் இருக்கிறது.

"இப்ப எண்டால் வாய்க்காலைப் பார்."
அவர் காணி கடைசிக் காணி.
பதினெட்டுப் பேரின் வயலில் கால் கழுவிய பிறகே
தண்ணீர் அவரிடம் வரும், வந்தால்.
மூன்று என்று எழுதினேன்.
அவர் சொன்னாரா நானாய் எழுதினேனா
இப்போது நினைவில்லை.

கூரை தகரம். சுவர் வீட்டுத்திட்டம், பூச்சில்லை.
சைக்கிள் ஒன்று.
குளிர்பெட்டி இருக்கிறது, உடுப்பு வைக்க.
இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூச்சியம்;
உடுப்புக்கென்று தனி எண் தரவில்லை.
ஒன்று போட்டேன்.
அரைப்படி ஏறியிருப்பார்.

பயிற்சியின்போது கிளிநொச்சி மண்டபத்தில்
ஆய்வாளர் சொன்னார்:
தாழ்ந்த இடம் நோயைத் தருகிறதா,
நோய்தான் ஆளைத் தாழ்த்துகிறதா,
இரண்டையும் தருகிற மூன்றாவது ஏதும் உண்டா,
பிரிப்பதுதான் எங்கள் தொழில்.
முறுக்குண்ட கயிற்றைப் பிரிப்பதுபோல் கையால் காட்டினார்.
சீட்டுக் குலுக்கி வீடு முந்திக் கிடைத்தவர்கள்,
பிந்திக் கிடைத்தவர்கள்,
அந்தக் குலுக்கல்தான் தங்கம் என்றார்.
விழாத சீட்டுக்காரருக்கு
ஒப்பீட்டுக் குழு என்று பெயர்.
மத்தியானம் கோழிச்சோறு தந்தார்கள்.

கைப்பட்டியைச் சுற்றினேன்.
மூன்று தடவை அளக்கவும்.
முதலாவதை விட்டுவிடவும்.
மற்ற இரண்டின் சராசரி.

நூற்றிமுப்பத்திரண்டு. விட்டாயிற்று.
நூற்றியிருபத்தெட்டு.

படலையில் மோட்டார்சைக்கிள்.
கமக்காரர் அமைப்புத் தலைவர் குணநாயகம்
இறங்கவில்லை, இயந்திரத்தை நிறுத்தவுமில்லை.
ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி
"என்ன, வருத்தக் கணக்கோ? எழுது எழுது.
இவருக்குக் காசு கட்டச் சொன்னால்தான் வருத்தம்."
சிரித்தார்.
அழகரத்தினமும் சிரித்தார்.
நானும்தான்.
பட்டி இறுகிக்கொண்டிருந்தது.

நூற்றைம்பத்தாறு.

மோட்டார்சைக்கிள் போய்விட்டது.
புழுதி அடங்க நேரம் எடுத்தது.
ஆயிரத்து இருநூறு வீட்டை அடுக்கி வைத்து
கொழும்பிலும் கடலுக்கு அப்பாலும்
எதைத் தேடுகிறார்களோ
அது இந்த விளாத்திக்குக் கீழே
கால்நிமிடம் நின்று உறுமிவிட்டுப் போனது.
பக்கத்தில் யார் வந்தார் என்றொரு கேள்வி
பதினாறு பக்கத்திலும் இல்லை.

சராசரி நூற்றிநாற்பத்திரண்டு.
நாற்பதைத் தாண்டினால் சீட்டு எழுத வேண்டும்:
கிளினிக்குக்குப் போங்கோ.
அவர் அதை இரண்டாய் மடித்து
குளிர்பெட்டிக்குள், சேட்டுகளுக்கு மேல் வைத்தார்.

நான் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
மூன்றாவதின்போது குணநாயகம் வந்தார்.

பின்னேரம் ஒட்டுசுட்டான் பஸ் தரிப்பிடம்.
படிவங்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டு
சீமெந்து வாங்கில் இருந்தேன், செருப்பைக் கழற்றிவிட்டு.
மேற்பார்வையாளர் எடுத்தார்.
"ஓரத்தில ஒண்டும் எழுதக்கூடாது.
ஓரம் கொம்பியூட்டருக்குள்ள போகாது.
விளங்குதோ?"

அவர் வவுனியாவில் இருந்தார்.
என்னை அவர் பார்க்க வழியே இல்லை.

"ஓம் சேர்" என்றேன்,
எழுந்து நின்று,
செருப்பைக் காலால் தேடியபடி.